அறிதிறன் அணுகுமுறை: எது பலம், எது குறை?

"அறிதிறன் அணுகுமுறையின் நிறைகுறைகளை மதிப்பிடுக" என்று கேள்வி வந்தால், நம் மாணவர்களில் பலர் நான்கு நிறை, நான்கு குறை என்று பட்டியல் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். பட்டியல் மதிப்பீடு ஆகாது. ஒரு பிள்ளையை முன்னால் வைத்து யோசித்துப் பாருங்கள்.

பேராக்கில், முன்னாள் ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் நான்காம் ஆண்டு மாணவன். ஆசிரியர் எண்களை வரிசையாகச் சொல்கிறார். பையன் நான்கோடு நின்றுவிடுகிறான். 'ஞாபகசக்தி குறைவு' என்று எழுதிவிடலாமா?

முதலில் பலத்தைப் பார்ப்போம். மனத்துக்குள் நடப்பதை ஊகமாகப் பேசாமல், சோதனையால் அளக்கலாம் என்று காட்டியது இந்த அணுகுமுறைதான். பெரியவர்களின் குறுகியகால நினைவில் சுமார் ஏழு கூறுகள்தான் நிற்கும் என்றார் மில்லர் (1956). பேட்லியும் ஹிட்ச்சும் (1974) செயல்நினைவு என்ற மாதிரியைத் தந்தார்கள். நீண்ட கட்டளையைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள் என்று நாம் பயிற்சி ஆசிரியர்களிடம் சொல்கிறோமே, அதற்கு அடிப்படை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. எல்லிஸும் ஹென்னெலியும் (1980) வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசுவோரைச் சோதித்தார்கள். வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கிறது. அதனால் அந்த மொழியில் குறைவாகவே நினைவில் நின்றன. குறை ஆளிடம் இல்லை, சொல்லின் நீளத்தில்! ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். தமிழிலும் மலாயிலும் எல்லாமே இரண்டசை அல்லது அதற்கு மேல். அப்படியானால், நம் பையனை எந்த மொழியில் சோதித்தோம், எந்த மொழிப் பிள்ளைகளின் அளவோடு ஒப்பிட்டோம் என்று கேட்காமல் முடிவு சொல்வது நியாயமா?

குறைக்கு வருவோம். மனத்தைக் கணினி போலப் பார்ப்பதால், உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் கணக்கில் வருகின்றன. இடையில் நடப்பதை நாம் நேரில் காண்பதில்லை, ஊகித்தே சொல்கிறோம். தூக்கம், பசி, பயம் எல்லாம் ஓரமாகப் போய்விடும். அன்று பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். இன்று ஈப்போ பக்கத் தொழிற்சாலையில் ஷிப்ட். பையன் யாரோடு தூங்கினான், என்ன சாப்பிட்டான் என்பதை எண் வரிசை காட்டாது.

இதை வெளியார் மட்டும் சொல்லவில்லை. 1967-இல் 'அறிதிறன் உளவியல்' என்ற நூலை எழுதிய நைசரே, 1976-இல் வெளியான அடுத்த நூலில், ஆய்வுக்கூடச் சோதனைகள் அன்றாட வாழ்க்கையிலிருந்து விலகிப் போகின்றன என்று குறைப்பட்டார். தேர்வில் இந்த ஒரு வரியைச் சான்றோடு எழுதுங்கள். அது வெறும் பட்டியலை விட மதிப்புள்ளது.

ஆக, இது நல்ல கருவி. எந்த இடத்தில் சிக்கல் என்று காட்டும்; ஏன் என்பதை முழுதாகச் சொல்லாது. நான்கோடு நின்ற பையனைப் பற்றி எழுதும் முன், அவனிடம் தமிழில் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் நான்குதான் என்றால், அப்போது பேசலாம்.