டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்: சரண்ஜித் சிங்கின் தட்டைக் கேட்கும் முறை

பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிதாரும் மின்னணுக் கருவிகளும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், டிஸ்கோ தாளத்தில் பத்து இந்துஸ்தானி ராகங்களை வாசித்து 1982இல் வெளியிட்ட இசைத்தட்டு, அப்போது கவனிப்பாரின்றிக் கிடந்து, 2010இல் பாம்பே கனெக்ஷன் நிறுவனம் மறுவெளியீடு செய்த பிறகே உலகின் செவிக்கு எட்டியது. சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ தட்டுடன் பெயர் பெற்ற ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசைக்கு இதுவே முன்னோடி என்ற பட்டமும் அத்துடன் ஒட்டிக்கொண்டது. சிகாகோக் கலைஞர்கள் இதைக் கேட்டிருந்தார்கள் என்பதற்குச் சான்றில்லாததால், தட்டை ரசிக்க விரும்புவோர் முதலில் கழற்றி வைக்க வேண்டியது அந்தப் பட்டத்தைத்தான்.

இரண்டுக்கும் பொதுவானது ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303 என்னும் சிறு பேஸ் கருவி. கீழ்ச்சுரங்களைப் பதினாறு படிகள் கொண்ட சுற்றாகப் பதித்துவைத்தால் அது சலிக்காமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் என்பதோடு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் அதில் உண்டு. சிகாகோவில் அதன் குமிழ்களைத் திருகி ஒலியின் நிறத்தை மாற்றுவதே இசையாயிற்று. சிங்கிடமோ அது தம்பூராவின் இடத்தில் அமர்ந்து, மேலே ஜூபிடர்-8 சிந்தசைசரில் உலவும் ராகத்துக்குத் தரையாகிறது. டிஆர்-808 என்னும் தாளக் கருவி சதுஸ்ர நடையின் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் ஓர் அடி வீழ்த்தி, எந்தச் சங்கதிக்கும் இசைந்துகொடுக்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. தபலாக்காரர் பாடகரின் மூச்சுக்கு இடம்விடுவதைப் போன்ற கருணை அதற்கில்லை என்பதால், அந்த விடாப்பிடிக்கும் ராகத்தின் நெளிவுக்கும் நடக்கும் இழுபறியே இத்தட்டின் சுவை.

கர்நாடக இசை பழகிய காதுக்கு ஹிந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸும் மோகனத்தை ஒத்த பூபாளியும் நல்ல நுழைவாயில்கள். பழகிய சுரங்கள் என்பதால் கவனத்தைப் பேஸின் பக்கம் திருப்ப முடியும். முதல் முறை மேலே ஒலிக்கும் வரியையும், மறுமுறை அதை மறந்து கீழ்ச்சுற்றை மட்டுமே தொடர்ந்தும் கேட்டால், மேற்கத்திய டிஸ்கோவில் ஸ்வரக்கூட்டுகள் மாறிக்கொண்டேயிருக்க, இங்கு ஆதார சட்ஜம் அசையாமல் நிற்பது புலப்படும். பெயர்களை நம்புவதில் மட்டும் எச்சரிக்கை தேவை: இந்துஸ்தானித் தோடி நம் தோடியன்று, சுபபந்துவராளிக்கு நெருங்கியது.

சில நிமிடங்களில் முடிந்துவிடும் வாசிப்பில் ஆலாபனையின் விரிவு இல்லை; விசைப்பலகையில் கமகமும் குறைவே என்ற குறையை மறுப்பதற்கில்லை. ஆயினும் சுத்த மத்திமமும் பிரதி மத்திமமும் அடுத்தடுத்து வரும் லலித்தைக் கடைசியாகக் கேட்பவருக்கு, பஞ்சமமே இல்லாத அந்த விடியற்கால ராகம் டிஸ்கோவின் நடுநிசித் தாளத்தின்மேல் நடக்கும் விநோதத்தில் அக்குறை சற்று மறந்துபோகக்கூடும்.