சிட்டாவில் இல்லாத ஏக்கர்

இணையத்தில் எடுக்கும் சிட்டாவில் புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், பரப்பு, தீர்வை எல்லாம் வரிசையாக இருக்கும். பரப்பு மட்டும் ஹெக்டேர், ஏர் கணக்கு. ஆனா வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் காடு விலை பேசுறவங்க யாரும் ஹெக்டேர்ல பேசுறதில்லை. ஏக்கர், சென்ட்தான்.

அப்போ நடுவுல மாற்றிச் சொல்றது யார்? பெரும்பாலும் தரகர். "ஒரு ஹெக்டேர்னா ரெண்டரை ஏக்கர்" என்பது வாய்க்கணக்கு. சரியான கணக்கு 2.471 ஏக்கர். 2 ஹெக்டேர் புன்செய்க்கு வாய்க்கணக்கில் 500 சென்ட் வரும், உண்மையில் இருப்பது 494.2 சென்ட். வித்தியாசம் 5.8 சென்ட், அதாவது 2,500 சதுர அடிக்கு மேல். ஒரு வீட்டு மனைக்கான இடம். இல்லாத அந்த மண்ணுக்கு வாங்குறவர் காசு கொடுக்கிறார்.

"ஏக்கர்னு இன்னொரு புலம் சேர்த்துட்டா போச்சு" என்று சிலர் சொல்வார்கள். அது இதைவிட மோசம். உட்பிரிவு ஆகும்போது ஹெக்டேரைத் திருத்திவிட்டு ஏக்கரை விட்டுவிட்டால், ஒரே நிலத்துக்கு ஒரே ஆவணத்தில் இரண்டு அளவு. வழக்குக்கு அது போதும். ஒன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறக்கூடியதைத் தனியாகச் சேமிக்காதே என்பது தரவுத்தளப் பாடத்தின் பழைய விதி.

சேமிக்காமலே காட்டலாம். ஃபைல்மேக்கரில் லேஅவுட்டிலேயே கணக்கை எழுதிவிடலாம், அட்டவணையில் புதுப் புலம் வேண்டாம். எஸ்க்யூஎல்லில் அதே வேலையை வினவலில் ஒரு பெருக்கல் செய்துவிடும். அப்படிக் காட்டும் எண்ணை வைத்துத் தேடவோ வரிசைப்படுத்தவோ ஃபைல்மேக்கரில் முடியாது. சிட்டாவுக்கு அது தேவையும் இல்லை. படிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தலா 13.50 ஏர் உள்ள மூன்று உட்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 33.36 சென்ட். முழு எண்ணாக 33 என்று காட்டி, காட்டியதையே கூட்டினால் 99. மூலமான 40.50 ஏரை மாற்றினால் 100.08. தாளைப் பார்ப்பவர் ஒரு சென்ட் எங்கே போச்சு என்று கேட்பார். ஆகவே கூட்டுத்தொகையை ஏரிலிருந்து கணக்கிட வேண்டும், சென்ட்டை இரண்டு தசம இடம் வரை காட்ட வேண்டும்.

அச்சில் வந்தால் அதையே சட்ட அளவாக எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு, "ஹெக்டேர் அளவே செல்லும், ஏக்கர் தகவலுக்கு மட்டும்" என்று கீழே ஒரு வரி போடலாம். இப்போ சிட்டாவில் ஏக்கர் இல்லை என்பதால் யாரும் ஏக்கர் கணக்கைப் போடாமல் இல்லை. போடுறவர் கையில் நிலமும் இல்லை, பொறுப்பும் இல்லை, அவ்வளவுதான்.