கேட்ட பொருளும் கண்ட பொருளும்

திருவாய்மொழி இரண்டாம் பத்து, மூன்றாம் பதிகத்தின் மூன்றாம் பாசுரத்துக்குத் திருமாலையாண்டான் சாதித்த பொருளை எம்பெருமானார் வேறுவிதமாக நிர்வஹித்ததும், ஆளவந்தார் பக்கல் கேளாத அப்பொருளை ஆண்டான் ‘விச்வாமித்ர ஸ்ருஷ்டி’ என்று சொல்லிக் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டதும், திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, அதுவும் ஆளவந்தாரிடம் தாம் கேட்டதே என்று தெரிவித்ததும் நம்மவர் அறிந்த ஐதிஹ்யம். உபந்யாஸகர் பலர் இதை நம்பியின் ஸாக்ஷியத்தோடு முடித்துவிடுகின்றனர். புதிது என்று தோன்றியது பழையதே என்று தெரிந்தபடியால் ஏற்கப்பட்டது என்பது அவர்கள் கருத்து. இது பாதியளவே பொருந்தும்.

நம்பியின் வார்த்தையால் நின்றுபோன பாடம் மீண்டும் தொடங்கியது. பொருளுக்கு வலிமை தந்ததோ பிரகரணம். அறிவில்லாத பருவத்தில் அடிமையில் அன்பை விளைத்துவிட்டுப் பின்னர் ஸம்ஸாரத்திலே வைத்தாயே என்று ஆழ்வார் வெறுத்துச் சொல்வதாக ஆண்டான் கொண்டார். பதிகமோ கலவியின் உகப்பிலே பிறந்தது. அடுத்த பாசுரத்திலேயே ஆழ்வார் பெற்ற உதவிக்குக் கைம்மாறு தேடித் தவிக்கிறார். நடுவே ஒரு வெறுப்பு எப்படி நுழையும்? ஆகவே உடையவர் சொற்களை மாற்றி அந்வயித்து, மாயையில் கிடந்த காலத்திலேயே அடிமையில் அன்பைத் தந்தாய் என்று நன்றியாக்கினார். நம்பி எழுந்தருளாதிருந்தாலும் இந்த யுக்தி குறைவுபட்டிராது.

இதனால் ஆண்டானைப் பழமைப் பிடிவாதக்காரர் என்று எழுதும் இக்கால ஆராய்ச்சியாளரோடும் நமக்கு உடன்பாடில்லை. ஆசார்யனிடம் கேட்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் ஒப்படைப்பதே தம் கடமை என்றிருந்தவர் அவர். புத்திமான் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைப் பாசுரத்தில் ஏற்றினால் என்னாகும் என்ற அச்சம் நியாயமானதே. உடையவரும் தம் மதியை முன்னிட்டுப் பேசவில்லை. பின்னொருகால், ஆளவந்தார் இப்படி அருளிச்செய்யமாட்டார் என்று அவர் சொல்ல, அவரை நேரில் ஸேவியாத நீர் அறிந்தது எப்படி என்று ஆண்டான் கேட்டார். ஆளவந்தாருக்குத் தாம் ஏகலவ்யன் என்பதே உடையவரின் விடை. மடங்கிய மூன்று விரல்களோடு கிடந்த சரம திருமேனியை மட்டுமே கண்டவர், நேரில் கேட்டவருக்கு எதிரே அவ்வாசார்யனின் திருவுள்ளத்தையே பிரமாணமாக வைத்தார். ஆண்டான் காத்தது ஆளவந்தாரின் வார்த்தையை. உடையவர் காத்தது அந்த வார்த்தையின் நோக்கத்தை.

ஈடு இரண்டு நிர்வாஹங்களையும் காட்டுகிறது. ஆயினும் இன்று நேரம் கருதி ஆண்டானுடையதைச் சொல்லாமலே உடையவருடையதற்குப் போய்விடுகிறவர் உண்டு. அங்கே அமர்ந்து கேட்கும் சிஷ்யனுக்கு, உடையவர் எதை விலக்கினார் என்பதே தெரியாமற்போகிறது.