விளக்குத் துலக்கிய உம்மா

அலாவுதீன் கதையில் விளக்கின் ஜின்னை முதலில் வரவழைத்தது அவனில்லை, அவன் உம்மா. விற்றுச் சாப்பாடு வாங்கலாமென்று மண் போட்டுத் துலக்கினார். பஞ்சு நூற்று மகனை வளர்த்த விதவை. சுல்தானிடம் பெண் கேட்டுப் போனவரும் அவர்தான். 1709இல் அலெப்போ ஹன்னா தியாப் சொன்ன கதை, கலாந் பிரெஞ்சில் எழுதினார்.

டிஸ்னி 1992இல் அவனை அநாதையாக்கியது. மறுவருடம் செகா வீடியோ கேமில் கையில் வாள் வந்துவிட்டது, தலைப்பாகைக் காவலரை வெட்டிக்கொண்டே போகவேணும். வாளில்லாமல் முடியாதா? அதே 1993இல் கெப்கொம் செய்த கேமில் அவன் குதித்து மிதித்தே தப்புகிறான். ஆனால் உம்மா இரண்டிலும் இல்லை.

1990 வெளியேற்றத்துக்குப் பிறகு புத்தளக் கொட்டில்களில் பிள்ளை வளர்த்த உம்மாமாரைக் கண்ட யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வாள்காரனைவிட அவரைத்தான் தெரியும். வீட்டில் ஒன்றுமில்லை, விற்க ஒரு பழைய விளக்கு மட்டும் இருக்கு: கேமுக்கு இதைவிட நல்ல முதல் கட்டம் எது?