தனி வாத்தியமும் பெருங்குழுவும்: பரோக் கான்செர்ட்டோவின் வடிவங்கள்

பரோக் கான்செர்ட்டோ என்றதும் பலருக்கு விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ மட்டுமே நினைவுக்கு வருகிறது. அந்த நான்கு படைப்புகளை வைத்து இந்த வடிவத்தை எடைபோட்டால் அதன் பாதிகூடக் கைக்கு வராது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் இது இரு வழிகளில் வளர்ந்தது. ரோமில் கொரெல்லி வளர்த்தது கான்செர்ட்டோ குரோஸ்ஸோ. இரண்டு வயலினும் ஒரு செலோவும் சிறு குழு. எதிரே பெரிய தந்திவாத்தியக் குழு. ஒரே இசையைச் சிலர் வாசிப்பதும் பலர் வாசிப்பதுமாக ஒலி மெலிந்தும் பெருத்தும் மாறும். வித்தைக்கு அங்கே பெரிய இடமில்லை. பகுதிகளின் எண்ணிக்கைக்கும் கட்டாயமில்லை. கொரெல்லியின் 12 கான்செர்ட்டோக்கள், அவர் மறைந்த மறு ஆண்டு, 1714-ல், ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின.

பொலோன்யாவில் டொரெல்லியும் வெனிஸில் அல்பினோனியும் வேறு வழி பிடித்தார்கள்: சிறு குழுவின் இடத்தில் பெரும்பாலும் ஒரு தனி வாத்தியம்; வேகம், நிதானம், மறுபடி வேகம் என மூன்று பகுதிகள். அதை நிலைநிறுத்தியவர் விவால்டி. வெனிஸில் ஆதரவற்ற பெண்குழந்தைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் 1703 முதல் அவர் வயலின் ஆசிரியர். அந்தப் பெண்களின் தேர்ச்சிதான் அவருக்கு இத்தனை துணிச்சலாக எழுத இடம் கொடுத்தது என்பேன்.

அவருடைய வேகப் பகுதிகளின் முதுகெலும்பு ரிட்டொர்னெல்லோ. முழுக் குழுவும் முதலில் ஒரு கருப்பொருளை வாசிக்கும். தனி வயலின் அதிலிருந்து விலகிப் போகும். குழு அதே கருப்பொருளோடு திரும்பும். நம் பல்லவியைப் போலத் தோன்றினாலும் ஒரு வேறுபாடு உண்டு. இடையில் வரும்போது அது பெரும்பாலும் முழுதாக வராது. ஒரு துண்டாக, வேறொரு சுருதியில் வரும். கடைசியில்தான் தொடங்கிய சுருதிக்கு மீள்கிறது. விவால்டியின் இசை வெறும் திரும்பச் சொல்லல் என்பவர்கள் இந்த இடமாற்றங்களைக் கவனிக்கவில்லை.

1711-ல் வெளிவந்த அவருடைய மூன்றாம் தொகுப்பு ஜெர்மனியை எட்டியது. வைமார் அரசவையில் இருந்த பாக் அதிலிருந்து சிலவற்றை ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டு என்ற விசைப்பலகை வாத்தியத்துக்கும் மாற்றி எழுதினார். அந்தப் பயிற்சியின் கனியை, 1721-ல் பிராண்டன்பர்க்கின் மார்கிரேவ் என்ற பட்டம் கொண்ட பிரபுவுக்குக் காணிக்கையாக்கிய ஆறு கான்செர்ட்டோக்களில் காணலாம். ஐந்தாவதுதான் என் கணிப்பில் இந்த வடிவத்தின் உச்சம். அதுவரை ஹார்ப்சிகார்டுக்கு வாய்த்தது பெரும்பாலும் அடிக்குரலை நிரப்பும் பக்கவாத்திய வேலை. இங்கே புல்லாங்குழலோடும் வயலினோடும் சமமாக முன்வருகிறது. முதற்பகுதியின் முடிவை நெருங்கும்போது மற்ற எல்லோரும் வாத்தியங்களைத் தாழ்த்திக்கொள்ள, ஏறத்தாழ மூன்று நிமிடம் தனியாகவே வாசிக்கிறது.

லண்டனில் ஹாண்டெல் 1739-ல் எழுதிய பன்னிரண்டு கான்செர்ட்டோக்களும் கொரெல்லியின் வழியில் வந்தவை. ஆரட்டோரியோக்கள் என்ற கதை சொல்லும் பெரும் பாடல் படைப்புகளின் இடைவேளைகளில் அவரே ஆர்கன் கான்செர்ட்டோக்களையும் வாசித்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் விவால்டியின் மூன்றாம் தொகுப்பில் பத்தாவதை, நான்கு வயலின்களுக்கான கான்செர்ட்டோவை, முதலில் கேளுங்கள். அதையே பாக் நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றி எழுதியதை உடனே அடுத்துக் கேளுங்கள்.