வென்ற படையின் தோல்வி: ‘அல்ஜியர்ஸ் சமர்’ திரைப்படம் பற்றிச் சில குறிப்புகள்

2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 27ஆந் திகதி, அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமாகிய பென்டகனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படம் காண்பிக்கப்பட்டது. பக்தாத் நகரம் அமெரிக்கப் படைகளிடம் வீழ்ந்து அப்போது ஐந்து மாதங்கள்கூட நிறைவுறவில்லை. படம் பார்க்க வந்த அதிகாரிகளுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு, பயங்கரவாதத்துக்கு எதிரான சமரில் வென்றும் கருத்துப் போரில் தோற்பது எவ்வாறு என்னும் பொருளை முன்வைத்தது. அப்படம் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ 1966இல் வெளியிட்ட ‘அல்ஜியர்ஸ் சமர்’. வெனிஸ் திரைப்பட விழாவில் அவ்வாண்டு தங்கச் சிங்கப் பரிசைப் பெற்றது. பிரான்சில் அதனைச் சில ஆண்டுகள் திரையிடவே முடியவில்லை.

விடுதலைப் போராளிகளின் கலைப்படைப்பென உலகெங்கும் இடதுசாரிகள் போற்றிய ஒரு படத்தை, ஆக்கிரமிப்புப் படையொன்றின் தலைமையகம் பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்டது எங்ஙனம்? படத்திலேயே அதற்கு இடமிருக்கிறதா? அன்றேல் பார்த்தவர்களின் கண்ணில்தான் குறையா? இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிடுதல் ஆகாது.

வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். பிரான்ஸ் 1830இல் அல்ஜீரியாவின்மீது படையெடுத்தது. அந்நாடு பின்னர் பிரான்சின் ஒரு பகுதியென்றே சட்டத்தில் எழுதப்பட்டது. ஏறத்தாழ 90 இலட்சம் முஸ்லிம் மக்களின்மேல் ஏறத்தாழ 10 இலட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் ஆதிக்கம் செலுத்தினர். 1954 நவெம்பர் 1ஆந் திகதி தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. 1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரின் பொலிஸ் அதிகாரங்கள் ஜெனரல் மஸ்ஸூவின் 10ஆவது பரசூட் படைப்பிரிவின் கையில் ஒப்படைக்கப்பட்டன. இப்படைப்பிரிவு அதற்கு இரண்டு மாதங்களின் முன்னரே சுயெஸ் படையெடுப்பில் பங்குபற்றித் திரும்பியிருந்தது. சுயெஸ் கால்வாயோரத்தில் களத்தில் வென்றும், உலக அரசியலின் நெருக்குதலால் வெறுங்கையுடன் மீள நேர்ந்த படை அது. அதன் அதிகாரிகளுட் பலர் 1954இல் டியன் பியன் பூவின் வீழ்ச்சியோடு முடிந்த இந்தோசீன யுத்தத்தையும் கண்டவர்கள். இரண்டு தோல்விகளையும் அரசியல்வாதிகளின் கோழைத்தனத்தின் பயனென்றே அவர்கள் விளங்கிக்கொண்டனர். தாம் யாருடைய மண்ணில் நின்றோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

படத்தின் நடுப்பகுதி ஒரு படைத்துறைப் பிரச்சினையை வியக்கத்தக்க தெளிவோடு விளக்குகிறது. ஆக்கிரமிப்புப் படையிடம் தாங்கியும் விமானமும் உண்டு. எதிரி யாரென்ற தகவல்தான் இல்லை. கஸ்பாவின் குறுகலான சந்துகளில் வாழும் மக்களின் மொழியை அது அறியாது. அறிந்தாலும் எவரும் அதனோடு பேசார். முன்னணியின் அமைப்போ, ஓர் உறுப்பினன் தனக்கு மேலே ஒருவனையும் கீழே இருவரையும் மட்டுமே அறியும் முறையிற் கட்டப்பட்டது. கேணல் மத்தியூ கரும்பலகையில் முக்கோணங்களை வரைந்து, இவ்வமைப்பைத் தன் கீழ் அதிகாரிகளுக்கு ஓர் ஆசிரியனைப்போல் விளக்குகிறான். பெயர்கள் வேண்டும், விரைவாக வேண்டும், பெயர்களைத் தானாகச் சொல்வார் எவருமில்லை. ஆகவே சித்திரவதை. அது ஒரு கொடியவனின் மனவிகாரத்திலிருந்து பிறப்பதாகப் படம் காட்டவில்லை. மக்களின் சம்மதமின்றி மக்களை ஆள முற்பட்ட ஒரு நிலைமையிலிருந்தே பிறப்பதாகக் காட்டுகிறது. பத்திரிகையாளர் கேள்வி எழுப்பும்போது மத்தியூ அவர்களிடமே அதைத் திருப்பிவிடுகிறான்: பிரான்ஸ் இங்கே இருக்கவேண்டுமென்று நீங்கள் கருதினால், அதன் விளைவுகள் யாவற்றையும் ஏற்கத்தான் வேண்டும்.

மத்தியூவைப் பொன்டெகோர்வோ அரக்கனாகத் தீட்டாதது அவருடைய யதார்த்தவாதத்தின் வலிமை. அவன் அறிவாளி, மரியாதை தெரிந்தவன், எதிரியை மதிப்பவன். அப்பாத்திரத்தை ஏற்ற ழான் மார்த்தான் ஒருவரே படத்திற் குறிப்பிடத்தக்க தொழில்முறை நடிகர். அவரோ அல்ஜீரிய யுத்தத்தை எதிர்த்து 1960இல் வெளிவந்த 121 பேரின் அறிக்கையிற் கையொப்பமிட்டவர். முன்னணியின் அல்ஜியர்ஸ் தளபதியாயிருந்த யாசெப் சாடி தம்மையே ஒத்த ஒரு பாத்திரத்தில் நடித்தார். செய்திப்படத்திலிருந்து ஓர் அடியும் எடுக்கப்படாவிடினும் முழுப்படமும் செய்திப்படம்போலவே தோன்றுகிறது.

ஆயினும் மத்தியூவின் தர்க்கத்தை நாம் முழுதும் ஏற்றல் தகாது. ‘வேறு வழியில்லை’ என்பது அவன் வாதம். வேறு வழியைத் தேர்ந்தோர் அவன் பக்கத்திலேயே இருந்தனர். ஜெனரல் பொலார்டியேர் 1957இல் இம்முறைகளை எதிர்த்துத் தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்கக் கேட்டார். அதற்காக 60 நாட் கோட்டைச் சிறை அனுபவித்தார். அல்ஜியர்ஸ் பொலிஸ் நிருவாகத்தின் செயலாளர் போல் டெய்ட்ஜென், நாஸிகளின் சித்திரவதையைத் தம் உடம்பில் அனுபவித்தவர். அதே தழும்புகளைக் கைதிகளின் உடலிற் கண்டு பதவி துறந்தார். படையினரின் பிடியிற் சென்று காணாமற் போனோர் 3,024 பேரென்பது அவர் கணக்கு. ஹென்றி அலெக் தாம் பட்ட வதையை எழுதி 1958இல் வெளியிட்ட நூல் அரசாங்கத்தாற் பறிமுதலாயிற்று. இத்தகையோர் எவரும் படத்தில் இல்லை. இவர்களை விட்டமையால் மத்தியூவின் வாதம் படத்துக்குள் தகுந்த பதிலின்றி நிற்கிறது. பென்டகனுக்கு இடங்கொடுத்த முதல் ஓட்டை இதுவே.

மறுபக்கத்தில் படம் காட்டும் நேர்மையைப் பாராட்டாமலிருக்க முடியாது. கஸ்பாவில் குடியேறித் தீவிரவாதிகள் நள்ளிரவில் வைத்த குண்டினால் குடும்பங்கள் சிதைகின்றன. அதன்பின் மூன்று பெண்கள் ஐரோப்பிய உடை தரித்துக் குண்டுகளைச் சுமந்து செல்கின்றனர். உணவகத்திற் குண்டை வைக்கவந்த பெண் சுற்றிலும் பார்க்கிறாள். அவள் கண்வழியே நாமும் பார்க்கிறோம்: சிரிக்கும் முகங்கள், ஐஸ்கிறீம் உண்ணும் ஒரு சிறு குழந்தை. குண்டு வெடிக்கிறது. இரு தரப்பிலும் இறந்தோர்க்கு ஒரே இசை ஒலிக்கிறது. நீதியின் பக்கம் நிற்பவனுக்கும் அந்தக் குழந்தையின் முகத்திலிருந்து விலக்கு இல்லையென்று கலைஞன் சொல்கிறான். முற்போக்கு விமர்சகர்களாகிய நம்மிற் சிலர் இக்காட்சியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். கடக்கலாகாது.

அண்மையில் எமது உயர் வகுப்பு மாணவர் சிலர்க்கு இப்படத்தைக் காட்டினேன். 1957 ஒக்டோபரில் அலி லா புவாந் மறைந்திருந்த வீடு குண்டுவைத்துத் தகர்க்கப்படுகிறது. அமைப்பின் தலை அறுந்தது என்று படையதிகாரிகள் திருப்தியோடு கலைகின்றனர். அடுத்த கணத்தில், அறிவிப்பாளனின் ஒரு வாக்கியத்தோடு, 1960 டிசெம்பரில் மக்கள் கொடிகளோடு வெள்ளமாய் இறங்கி வருகின்றனர். படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி கேட்டாள்: “சேர், இடையில மூன்று வருசம் என்ன நடந்தது?”

படத்தின் மிகப் பெரிய குறையை அப்பிள்ளை தொட்டுவிட்டாள். அந்த மூன்று ஆண்டுகளை மறைத்துவிட்டால் மக்கள் எழுச்சி ஓர் அற்புதம்போல் ஆகிவிடுகிறது. அற்புதத்தை நம்பாதவன் அதை ஒதுக்கிவிட்டு, 1957இல் மத்தியூ பெற்ற வெற்றியை மட்டும் எடுத்துக்கொள்வான்.

அவ்வாண்டுகளில் நடந்தவை அற்புதமல்ல. துனீசிய எல்லையில் மின்வேலி எழுந்தது. 1959இல் ஜெனரல் ஷாலின் திட்டம் மலைகளிலிருந்த கெரில்லாக்களைப் பெரிதும் நசுக்கியது. படையினரின் தொகை 4 இலட்சத்தைத் தாண்டியது. களத்தில் பிரான்ஸ் வென்றுகொண்டே வந்தது. ஆனால், கெரில்லாவிடமிருந்து மக்களைப் பிரிப்பதற்காக 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்தவர் தம் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். நிலமிழந்த விவசாயிக்கு பிரான்சிய ஆட்சி நல்லாட்சி என்று எந்தப் பிரசாரகன் எடுத்துச் சொல்ல இயலும்? ஒவ்வொரு படைத்துறை வெற்றியும் அரசியல் தோல்வியொன்றை ஈன்றது.

யுத்தம் கடல் கடந்து வீட்டுக்கும் வந்தது. 1958 மே மாதத்தில் அல்ஜியர்சில் எழுந்த கலகம் நான்காவது குடியரசையே கவிழ்த்தது. 1961 ஏப்ரலில் சலான், ஷால் முதலிய நான்கு ஜெனரல்கள் தம் அரசாங்கத்துக்கு எதிராகவே கிளர்ந்தனர். அப்போது கட்டாய சேவையிலிருந்த சாதாரணச் சிப்பாய்கள் தங்கள் டிரான்சிஸ்டர் வானொலிகளில் டி கோலின் உரையைக் கேட்டு, கலகத் தளபதிகளுக்குக் கீழ்ப்படிய மறுத்தனர். பிறரை அடக்க அனுப்பப்பட்ட படை, ஈற்றில் தன்னை அனுப்பிய நாட்டுக்கே ஆபத்தாயிற்று. 1962 மார்ச்சில் ஏவியன் உடன்படிக்கை, ஜூலையில் சுதந்திரம்.

இன்னொரு மௌனமும் உண்டு; அது நம்மைச் சார்ந்தது. 1956 மார்ச்சில் விசேட அதிகாரங்களைக் கேட்டது சோஷலிஸ்டான கீ மொல்லேயின் அரசாங்கம். அதற்கு ஆதரவாக வாக்களித்தோருள் பிரான்சியப் பொதுவுடைமைக் கட்சியினரும் இருந்தனர். மஸ்ஸூவின் கையில் அல்ஜியர்ஸ் சென்றடைந்த பாதையில் இடதுசாரிகளின் கையொப்பமும் இருக்கிறது. அவ்வாறே, முன்னணி தன் போட்டி இயக்கத்தவர்மேல் நடத்திய கொலைகளையும் படம் பேசவில்லை. புரட்சி வென்ற பின்னரே மெய்யான கஷ்டங்கள் தொடங்கும் என்று பென் எம்ஹிடி கூரைமேலிருந்து சொல்லும் காட்சி உண்டு. 1965 ஜூனில் பென் பெல்லாவை அல்ஜீரிய இராணுவமே கவிழ்த்தது என்பதை எண்ணுகையில் அச்சொற்கள் கனக்கின்றன.

மீண்டும் பென்டகனுக்கு வருவோம். அழைப்பிற் கேள்வி சரியாகவே இருந்தது; விடையை அவர்கள் உத்தியில் தேடினர். 2003 மார்ச் 20இல் தொடங்கிய படையெடுப்பு மூன்று வாரங்களிற் பக்தாதை அடைந்தது. மே மாதத்தில் ஈராக்கிய இராணுவம் ஒரே கட்டளையாற் கலைக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து வீதிக்கு வந்தனர். 2004 ஏப்ரலில் அபு கிரைப் சிறையின் புகைப்படங்கள் வெளியாயின. கலாசாரம் அறிந்த அதிகாரியும் நல்ல மொழிபெயர்ப்பாளனும் கிடைத்தால் ஆக்கிரமிப்பு ஏற்புடையதாகிவிடும் என்ற நினைப்பு, மத்தியூவின் கரும்பலகையையே வேறு நிறச் சுண்ணக்கட்டியால் நிரப்புவதாகும்.

உண்மை மிகத் தாமதமாகவே வந்தது. தற்கொலை செய்துகொண்டாரென 1957இல் அறிவிக்கப்பட்ட பென் எம்ஹிடியைக் கொன்றவர்கள் பிரான்சியப் படையினரே என்பதைப் பிரான்சின் ஜனாதிபதி ஏற்றுக்கொண்டது 2024 நவெம்பரில். 67 ஆண்டுகள் கழித்து.

குறைகள் பல இருந்தும் ‘அல்ஜியர்ஸ் சமர்’ நம் மாணவர் பார்க்கவேண்டிய படம். பார்த்தபின், அது சொல்லாமல் விட்ட மூன்றாண்டுகளை அவர்கள் நூல்களில் தேடட்டும். மத்தியூவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அம்மாணவி மறுநாள் நூலகத்திற்கு வந்து அல்ஜீரியாவின் வரைபடத்தைக் கேட்டாள். நகரத்தையல்ல, கிராமங்களைப் பார்க்கவேண்டுமென்றாள்.