இடம் மாறிய திண்டு

ரெய் கவாகுபோவின் உடைகளை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனாலும் அவற்றின் படங்களிலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை.

1969இல் டோக்கியோவில் அவர் தொடங்கிய 'கொம் தே கார்சோன்' என்ற பெயருக்குப் பிரெஞ்சில் 'பையன்களைப் போல' என்று பொருள். 1981இல் அவரும் யோஜி யமமோட்டோவும் பாரிசில் தங்கள் உடைகளைக் காட்டினார்கள். கறுப்பு, தொளதொளப்பு, ஓரம் மடிக்காத துணி. அடுத்த ஆண்டு, துளைகள் விழுந்த ஸ்வெட்டர். பத்திரிகைகள் சில இதற்கு ஹிரோஷிமாவின் பெயரைச் சூட்டின. பெண் தன் இடுப்பைக் காட்டாமல் நடந்து வந்ததற்கு அணுகுண்டு வரை போக வேண்டியிருந்தது அவர்களுக்கு!

எனக்கு முக்கியமாகப் படுவது 1997ஆம் ஆண்டின் வசந்தகாலத் தொகுப்பு. 'உடல் உடையைச் சந்திக்கிறது, உடை உடலைச் சந்திக்கிறது' என்பது அதன் தலைப்பு. உடலோடு ஒட்டும் துணி, மேசைவிரிப்பில் காண்பது போன்ற கட்டங்கள். அதற்குள் திண்டுகள்: தோளில், முதுகில், வயிற்றில், இடுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும். உடையில் திண்டு வைப்பது புதிதல்ல. ஐரோப்பியப் பெண்களின் பின்புறத்தைத் திண்டு வைத்து உயர்த்திய காலம் உண்டு. இன்றைய உள்ளாடைக்குள்ளும் அதே திண்டுதான். கவாகுபோ அதை இடம் மாற்றினார், அவ்வளவே. உடனே 'கட்டி' என்றார்கள், 'கூன்' என்றார்கள். மார்பில் இருந்தால் அழகு, முதுகில் இருந்தால் நோய். இந்தக் கணக்கைப் போட்டது யார்? பெண்ணுடல் பற்றி நான் படித்த பல கட்டுரைகளைவிட இந்த உடை அதை நேராகக் கேட்கிறது. கர்ப்பிணி, முதுகில் குழந்தையைக் கட்டியவள், அறுவைச் சிகிச்சையில் ஒரு மார்பை இழந்தவள் என்று எத்தனையோ பேரின் உருவக்கோடு அதில் எனக்குத் தெரிகிறது. திண்டுகளைக் கழற்றவும் முடியும். கழற்றிவிட்டே படம்பிடித்து வெளியிட்ட ஃபேஷன் இதழ்களும் உண்டு.

அதே ஆண்டு மெர்ஸ் கன்னிங்ஹாமின் 'சினாரியோ' நடனத்துக்கும் கவாகுபோ உடையமைத்தார். அங்கே ஆண்களுக்கும் புடைப்பு.

அவர் தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு அது பொருட்டல்ல, விலைதான் பொருட்டு. பாரிஸ் மேடையில் நடந்தவர்களும் வழக்கமான ஒல்லி மாடல்களே. நிகழ்ச்சி முடிந்ததும் கூனைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகலாம்.

2017இல் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. வாழும் வடிவமைப்பாளர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது, 1983இல் இவ் சாங் லோரானுக்குப் பிறகு அப்போதுதான். பெருமைதான். ஆனால் அங்கே அந்த உடைகளை அணிந்திருந்தவை பொம்மைகள். கழற்ற முடியாத கூன் உள்ள ஒருத்தி இதை அணிந்து நடக்கும் படம் ஒன்றுகூட இன்னும் என் கண்ணில் படவில்லை.